கோயிலும் தெரியும்படி படம் எடுப்போம்

(பவள விழாவை முன்னிட்டு, விழா நாட்களில் படமெடுக்க முன்வந்திருக்கும் இளைஞர்களுக்காகப் பங்கு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



எங்களை மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னது இதுவே முதல் தடவை. மேடைக்குக் கீழே குனிந்து நின்று, பேசுகிறவரின் கை எப்போது உயரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் அண்ணன் தம்பி எங்கள் இருவருக்கும் பழக்கம். எங்களில் ஒருவர் பேசினாலும் இருவருக்கும் சேர்த்தே பேசுவதாக ஏற்றுக்கொள்ள வேண்டுகிறோம். அப்பா பேருந்து நிலையத்தருகே ஸ்டூடியோ வைத்த நாள் முதல், இந்தப் பங்கின் ஞானஸ்நானம், புதுநன்மை, திருமணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் காமிரா போயிருக்கிறது. ஆகவே, இனி நாங்கள் சொல்லப்போகிற குறைகளில் பெரும்பாலானவை எங்கள் வீட்டுக் குறைகளே. வேறு யாரும் மனம் வருந்த வேண்டியதில்லை.

மலர்க் குழுவினர் சென்ற ஆண்டு எங்களிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்தார்கள். 1950இல் கட்டி 1991இல் இடித்த நம் பழைய கோயிலின் உட்புறம், குறிப்பாக அந்த மரப்பீடம், தெரியும்படியான ஒரு படம் மலருக்கு வேண்டும் என்றார்கள். "ஒன்றென்ன, நூறு தருகிறோம்" என்று வீரமாகச் சொல்லிவிட்டு வந்தோம். அந்தக் கோயிலில் நாற்பது வருடம் திருமணம் நடந்திருக்கிறது. படம் எடுத்தவர்களோ நாங்கள். பிறகென்ன கவலை?

வீட்டு இருப்பில் இருந்த நெகட்டிவ்களில் பாதி கறையானுக்குப் போயிருந்தது. மீதியைப் பார்த்தோம். பிறகு வீடு வீடாகப் போய் ஆல்பங்களைக் கேட்டு வாங்கிப் புரட்டினோம். நாற்பது வீடுகளுக்கு மேல் ஏறி இறங்கியிருப்போம். எங்கு போனாலும் ஒரே கதை. மணமகன் முகம் பளிச்சென்று இருக்கிறது. மணமகளின் நெற்றி சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருக்கிறது. மாலையில் ஒவ்வொரு இதழும் எண்ணிப் பார்க்கும்படி தெரிகிறது. அவர்களுக்குப் பின்னால்? கரிப்பலகை! தூணும் இல்லை, பீடமும் இல்லை, மேற்கூரையில் நீல வர்ணத்தில் தீட்டியிருந்த நட்சத்திரங்களும் இல்லை. எந்த ஊர்க் கோயில் என்று கேட்டால் சொல்ல முடியாது. கோயில்தானா, இல்லை எங்கள் ஸ்டூடியோவின் கறுப்புத் திரையா என்றுகூட ஒருவர் கேட்டுவிடலாம்.

கீழத் தெருவில் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டியம்மா, தம் கல்யாணப் படத்தை எங்கள் முன் வைத்து, அந்தக் கறுப்பின் மேல் விரலை வைத்து, "இங்கதான் தம்பி பீடம் இருந்துச்சு. ரெண்டு பக்கமும் சம்மனசு இருக்கும். இதுல ஏன் தெரியல?" என்றார்கள். எங்களுக்குப் பதில் தெரியும். ஆனால் அந்த அம்மாவிடம் சொல்ல நா எழவில்லை. அந்தப் படத்தை எடுத்தது எங்கள் அப்பா.

கடைசியில் ஒரே ஒரு படம் கிடைத்தது. இம்மலரில் நீங்கள் காணப்போவது அதுதான். 1968இல் நடந்த ஒரு திருமணம். அப்பா அப்போது பிளாஷ் பல்பு உபயோகித்த காலம். ஒரு பல்புக்கு ஒரு படம். வெடித்த பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். அன்று கொண்டுபோன பல்புகள் தீர்ந்துவிட்டன. கடைசிப் படத்துக்குப் பல்பு இல்லை. அப்பா காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, மணமக்களை அசையாமல் நிற்கச் சொல்லி, ஷட்டரைத் திறந்து வைத்து வாய்விட்டு மூன்று எண்ணி மூடியிருக்கிறார். மணப்பெண் சற்றே அசைந்துவிட்டார். முகம் கலங்கலாக வந்தது. வீட்டாருக்கு அது பிடிக்கவில்லை. ஆல்பத்தின் கடைசித் தாளில், ஒட்டாமல் செருகி வைத்திருந்தார்கள். ஆனால் அந்தப் படத்தில் பீடம் இருக்கிறது, ஆறு மெழுகுவர்த்தித் தண்டுகளும் இருக்கின்றன, சம்மனசுகளும் இருக்கிறார்கள், நட்சத்திரமும் இருக்கிறது. நாற்பது வருடத்தில் கோயிலைப் படம் பிடித்தது, பல்பு இல்லாத அந்த ஒரு தடவைதான்.

ஏன் இப்படி நேர்ந்தது என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்லுகிறோம். தம்பிமார் காகிதம், பென்சில் வைத்திருந்தால் குறித்துக்கொள்ளலாம்.

ஒளி தூரம் போகப் போக வெகு சீக்கிரம் இளைத்துவிடும். பிளாஷிலிருந்து 2 மீட்டரில் நிற்பவர் மேல் விழுவதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், 4 மீட்டரில் இருப்பவருக்கு அதில் கால் பங்குதான் கிடைக்கும். 6 மீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு. பழைய கோயிலில் மணமக்கள் கிராதியருகே நிற்பார்கள். நாங்கள் அவர்களுக்கு 2 மீட்டர் முன்னால் நிற்போம். பீடமோ அவர்களுக்கு 6 மீட்டர் பின்னால். ஆக எங்களுக்கும் பீடத்துக்கும் 8 மீட்டர். மணமக்களுக்கு ஒரு பங்கு என்றால் பீடத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு. பிலிமைப் பொறுத்தவரை அது இருட்டுதான்.

கோயிலில் விளக்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. மெழுகுவர்த்தியும் இருந்தது, பல்புகளும் இருந்தன. பல்புக் காலம் போய் மின்சார பிளாஷ் வந்த பிறகும், நாங்கள் காமிராவை வைத்த நிலை ஒன்றேதான்: 100 ஏ.எஸ்.ஏ. பிலிம், எஃப் 5.6 துவாரம், ஷட்டர் 1/60 விநாடி. அந்த நிலையில், கோயிலின் சொந்த வெளிச்சம் பிலிமுக்குத் தேவையானதில் முப்பதில் ஒரு பங்குகூட இராது.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. இதை நாங்கள் அறிந்துகொள்ளவே பல வருடமாயிற்று. ஒரு தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு குடம் தண்ணீரை ஒரே வீச்சில் அதில் ஊற்றுகிறோம். அது பிளாஷ். பக்கத்தில் ஒரு குழாய் மெல்ல ஒழுகிக்கொண்டிருக்கிறது. அது கோயில் விளக்கு. தொட்டியை ஒரு நிமிடம் வைத்தாலும் பத்து நிமிடம் வைத்தாலும் குடத்துத் தண்ணீர் அதேதான். கூடுவது குழாய்த் தண்ணீர் மட்டுமே. மின்சார பிளாஷ் எரிவது ஆயிரத்தில் ஒரு விநாடி, அல்லது அதற்கும் குறைவு. ஷட்டர் 1/60 விநாடி திறந்திருந்தாலும் 1/8 விநாடி திறந்திருந்தாலும் பிளாஷ் தரும் ஒளி ஒன்றே. கோயில் விளக்கு தரும் ஒளிதான் எட்டு மடங்கு ஏறும். முப்பதில் ஒரு பங்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகிவிடும். பீடம் மங்கலாகவேனும் படத்தில் வந்திருக்கும்.

அதற்குச் செலவு என்ன? ஒன்றுமில்லை. ஸ்டாண்டு எங்களிடம் இருந்தது. மணமக்களும் அசையாமல்தான் நின்றார்கள். காமிராவின் மேல் இருக்கும் ஒரு சிறு சக்கரத்தை மூன்று பல் திருப்பியிருந்தால் போதும். திருப்பவில்லை. முகம் தெளிவாக வந்தால் வீட்டார் பணம் கொடுத்துவிடுவார்கள். பின்னால் கோயில் வந்ததா என்று கேட்டவர் ஒருவருமில்லை. கோயில் எங்கே போகப்போகிறது, நாளைக்கும் அங்கேதானே இருக்கும் என்று எல்லாரும் இருந்துவிட்டோம்.

அதே சக்கரத்தை மறுபக்கம் திருப்பி ஒரு வீட்டாருக்குச் செய்த தீங்கையும் சொல்லிவிடுகிறோம். 1984ஆம் வருடம். மதியம் வெளியில் மாலை மாற்றும் படத்தை வெயிலில் எடுத்துவிட்டு, அவசரமாகக் கோயிலுக்குள் நுழைந்தோம். வெயிலுக்காக 1/125க்கு வைத்த சக்கரத்தை 1/60க்குத் திருப்ப மறந்தோம். எங்கள் காமிராவின் ஷட்டர் துணித்திரை, பக்கவாட்டில் ஓடுவது. ஒரு திரை திறந்துகொண்டே போக, மற்றொன்று மூடிக்கொண்டே பின்னால் வரும். 1/60 வரைதான் பிலிம் முழுதும் ஒருசேரத் திறந்திருக்கும். அதற்கு மேல் வேகமாக வைத்தால், பிளாஷ் எரிகிற கணத்தில் ஒரு பாதியைத் திரை மறைத்துவிடும். பெண்ணின் கையை அவள் தகப்பனார் மாப்பிள்ளை கையில் பிடித்துக் கொடுக்கிற காட்சி. இரண்டு படம் எடுத்தோம். இரண்டிலும் வலப் பாதி கறுப்பு. தகப்பனார் நின்றது அந்தப் பாதியில். வெளிச்சப் பாதிக்குள் நீண்டிருக்கும் அவருடைய கை மட்டும் வந்திருந்தது.

மூன்று மாதத்தில் அவர் காலமானார். வீட்டில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று அந்த அம்மா வந்தார்கள். அவர் படமெடுத்துக்கொள்ள என்றுமே கூச்சப்படுகிறவர். அந்தக் கல்யாணத்தில் கூட்டத்தோடு நின்ற ஒரு படத்தில், பின்வரிசையில், பாதி முகம் இருந்தது. அவ்வளவுதான். "தம்பி, அந்தக் கைப்படத்தையே பெரிசா போட்டுக் குடுங்க" என்றார்கள். போட்டுக் கொடுத்தோம். பணம் வாங்கவில்லை. மகள் வீட்டில் இன்றும் அது சுவரில் இருக்கிறது. அந்தத் தெருவழியாகப் போகும்போதெல்லாம் எங்களுக்கு அந்தச் சக்கரம் நினைவுக்கு வரும்.

இன்றைய காமிராக்கள் பிளாஷ் மாட்டியவுடன் தாமாகவே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. பெரும்பாலானவற்றில் 1/200, 1/250 வரை போகலாம். ஆனாலும் வெளியிலிருந்து தூண்டும் பிளாஷில் இந்தத் தவறு இன்றும் நேரும். நேர்ந்தால் படத்தின் கீழோ மேலோ கறுப்புப் பட்டை விழும். ஆகையால், வெயிலிலிருந்து உள்ளே வந்தவுடன், மூச்சு வாங்குவதற்கு முன் சக்கரத்தைப் பாருங்கள்.

கொஞ்சம் பழைய சரித்திரம் சொன்னால் இளைஞர்கள் சலித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறோம். 1887இல் ஜெர்மனியில் மீத்தே, கெய்டிக்கே என்ற இருவர் மக்னீசியத்தை வேறு மருந்துகளுடன் கலந்து, கொளுத்தியவுடன் குப்பென்று எரியும் பொடியைக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த ஜேக்கப் ரீஸ் என்ற பத்திரிகைக்காரர், நியூயார்க் நகரத்தில் ஏழைகள் நெருக்கியடித்துக் கிடந்த இருட்டறைகளுக்குள் இரவில் போய் அந்தப் பொடியைக் கொளுத்திப் படமெடுத்தார். இரண்டு முறை வீட்டிலும் ஒரு முறை தம் உடையிலும் தீப்பிடிக்க வைத்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் 1890இல் அவர் அதை நூலாக வெளியிட்டபோதுதான், அந்த அறைகளில் மனிதர் எப்படி இருக்கிறார்கள் என்று அந்த நகரமே கண்டது. விளக்கில்லாத இடத்துக்கு விளக்கைக் கொண்டு போனார். அது நியாயமான காரியம்.

இன்னொருவர் எரிச் சாலமன். இவர் ஜெர்மானியர். 1920களில் எர்மனாக்ஸ் என்றொரு சிறு காமிரா வந்தது. அதன் லென்ஸ் அக்காலத்துக்கு மிகவும் அகலமானது. அதை வைத்துக்கொண்டு, நீதிமன்றங்களிலும் அரசாங்கத் தலைவர்கள் கூடும் மாநாடுகளிலும், பொடியும் புகையும் இல்லாமல் அங்கிருந்த விளக்கு வெளிச்சத்திலேயே படமெடுத்தார். எடுப்பது யாருக்கும் தெரியாது. ஆகவே தலைவர்கள் கொட்டாவி விடுவதும் ஒருவர் காதில் ஒருவர் குசுகுசுப்பதும் அப்படியே பதிவாயின. அவர் யூதர். 1944இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். ரீஸ், சாலமன் இருவரையும் மனதில் வைத்துக்கொண்டால், எங்கே எரிப்பது, எங்கே எரிக்காமலிருப்பது என்பது பாதி விளங்கிவிடும்.

நிற்க. நம் விழாவுக்கு வருவோம்.

முதலில் இந்த மண்டபம். மேலே பாருங்கள். வெள்ளைச் சுண்ணாம்பு, உயரம் பன்னிரண்டு அடி இருக்கும். பிளாஷ்காரருக்கு இதைவிடப் பெரிய கொடை வேறில்லை. பிளாஷின் தலையை மேலே திருப்புங்கள். கூரை முழுவதும் ஒரு பெரிய விளக்காகி, ஒளி மெத்தென்று எல்லார் மேலும் இறங்கும். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் அவ்வளவு வித்தியாசம் இராது. சுவரில் கறுப்பு நிழல் விழாது. நெற்றி பளபளக்காது. ஒளி மேலே போய்க் கீழே வருவதால் நாலில் மூன்று பங்கு வழியிலேயே போய்விடும், ஐ.எஸ்.ஓ.வை இரண்டு படி ஏற்றிக்கொண்டால் ஈடாகும். நேர் மேலே திருப்பினால், அருகில் நிற்பவரின் கண் குழியில் நிழல் தங்கும். ஆகையால் சற்றே பின்பக்கமாக, உங்கள் தோளுக்கு மேலாகத் திருப்புங்கள். ஓடும் மின்விசிறிக்கு நேர் கீழே நிற்காதீர்கள்.

ஆனால் கலைநிகழ்ச்சி நடக்கும் அன்று வெளியே சாமியானா போடுவார்கள் அல்லவா, அங்கே இந்த வித்தை செல்லாது. சிவப்புத் துணியில் ஒளி பட்டுத் திரும்பினால் எல்லார் முகமும் சிவக்கும். பச்சைத் துணியானால் காய்ச்சல் கண்டவர்போல் ஆகிவிடுவார்கள். ஒரு வருடம் பங்குத்தந்தையின் வெள்ளை அங்கி ரோஜா நிறத்தில் வந்து, நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாமியானாவுக்குள் பிளாஷை நேராகவே வையுங்கள். ஆனால் பலத்தைக் குறைத்து வையுங்கள். மேடை விளக்கே முக்கியமாக இருக்கட்டும், பிளாஷ் அதற்குத் துணையாக இருக்கட்டும். பீடத்திலும் மேடையிலும் இப்போது நீலமும் ஊதாவுமாகச் சீரியல் விளக்குப் போடுகிறார்கள். அந்த நிறம் முகத்தில் ஏறினால் துடைக்கவே முடியாது. அங்கே ஒரு துளி பிளாஷ் முகத்தைக் காப்பாற்றும்.

அடுத்தது கோயில். புதுக் கோயிலின் கூரை நாற்பது அடி உயரம். அங்கே மேலே திருப்பிய ஒளி திரும்பி வருமென்று காத்திருக்க வேண்டாம். நேராக அடித்தாலோ பழைய கதைதான்: முகம் வெளுப்பு, பின்னால் கறுப்பு. ஆனால் எங்கள் அப்பாவுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. அன்று 100 ஏ.எஸ்.ஏ. பிலிம், 400 போட்டால் ஆடம்பரம். இன்றைய காமிராவில் 1600, 3200 சாதாரணம். நம் கோயிலில் எல்லா விளக்கையும் போட்டு நாங்கள் அளந்து பார்த்தோம். ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 4, 1/60 விநாடி வைத்தால் பிளாஷே இல்லாமல் படம் வருகிறது. எஃப் 1.8 லென்ஸ் இருந்தால் இன்னும் தாராளம். படத்தில் சற்று மணல் தூவியதுபோல் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்.இ.டி. விளக்குகளில் ஒரு சங்கடம் உண்டு. நம் மின்சாரத்தில் மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கூடிக் குறைந்து எரியும். கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். ஷட்டரை மிக வேகமாக வைத்தால் படத்தில் கோடு கோடாக நிழல் விழும். 1/50 அல்லது 1/100 வைத்தால் தொல்லை குறையும்.

தூபம் போடும்போது பிளாஷை அணைத்துவிடுங்கள். காமிராவுக்கு அருகிலுள்ள புகைதான் முதலில் ஒளியை வாங்கிக்கொண்டு வெள்ளைத் திரையாக நிற்கும். அதே புகை பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் எவ்வளவு அழகு என்பது காலைத் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குத் தெரியும்.

வெள்ளை உடையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் விழாக்களில் குருக்கள் வெள்ளை, புதுநன்மைச் சிறுவர் வெள்ளை, மணப்பெண் பெரும்பாலும் வெள்ளை. தானியங்கி பிளாஷ் இவ்வளவு வெள்ளையைக் கண்டால் ஒளி அதிகமாகிவிட்டதென்று ஏமாந்து தன்னைக் குறைத்துக்கொள்ளும். துணி சாம்பல் நிறமாகும், முகம் இருண்டுவிடும். அப்போது பிளாஷை ஒரு படி கூட்டுங்கள். மாப்பிள்ளை மட்டும் கறுப்புக் கோட்டில் நின்றால் இதற்கு நேர் எதிர். ஒரு படி குறையுங்கள். எங்களிடம் வருகிற பலர், "அண்ணே, கொஞ்சம் வெளுப்பா வர்ற மாதிரி எடுங்க" என்று கேட்பதுண்டு. கேட்டார்களே என்று நாங்களும் பிளாஷை அள்ளிக் கொட்டியிருக்கிறோம். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. மாநிறத்து முகம் மாநிறமாக வந்தால்தான் அது அவர் முகம்.

மூக்குக்கண்ணாடி போட்டவர்களைச் சற்றே தலை தாழ்த்தச் சொல்லுங்கள், அல்லது பக்கவாட்டில் நின்று எடுங்கள். கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கும் சுரூபங்களுக்கும் அதுவே விதி. கண் சிவப்பது, விளக்கு லென்சுக்கு மிக அருகில் இருப்பதால்; விளக்கைத் தள்ளி வைத்தால் போய்விடும். பாட்டரி இரண்டு ஜோடி கையிலிருக்கட்டும். பிளாஷ் தயார் என்று காட்டும் சிவப்புப் பொட்டு எரியுமுன் அழுத்தினால் அரைகுறை ஒளிதான் வரும். பழுதானால் திருகாணியைக் கழற்றிப் பார்க்கிற ஆசை வேண்டாம். உள்ளே 300 வோல்ட் வரை தேங்கி நிற்கும். தம்பிக்கு அந்த அனுபவம் உண்டு; கேட்டால் சொல்லுவான்.

இனி, பிளாஷ் வேலை செய்தாலும் செய்யாமலிருக்க வேண்டிய நேரம். 1967ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் உரோமையிலிருந்து வந்த நற்கருணை பற்றிய அறிவுரை ஏட்டில், படமெடுப்பதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. வழிபாட்டுக்கு, அதிலும் திருப்பலிக்கு, இடையூறு ஏற்படாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், தக்க காரணம் இருந்தால் மிகுந்த அடக்கத்தோடு எடுக்க வேண்டும், ஆயர் விதிக்கும் முறைகளைக் கைக்கொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து. அந்தக் காலத்துப் பல்பு வெடிக்கிற சத்தத்தையும் வெளிச்சத்தையும் கண்டவர்களுக்கு, ஏன் இப்படி எழுதினார்கள் என்பது விளங்கும். 2017 நவம்பர் 8ஆம் நாள் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவர்களும், திருப்பலியில் குருக்களும் ஆயர்களும்கூடக் கைப்பேசியை உயர்த்திப் பிடிப்பதைக் கண்டு தாம் வருந்துவதாகச் சொன்னார்கள்.

பங்குத்தந்தையோடு கலந்து நாங்கள் முடிவு செய்திருப்பது இது. வருகைப் பவனி, காணிக்கைப் பவனி இரண்டுக்கும் பிளாஷ் உபயோகிக்கலாம். அதன்பின் நற்கருணை வழங்கி முடியும்வரை பிளாஷ் கிடையாது, பீடத்தருகே நடமாட்டமும் கிடையாது. எழுந்தேற்றத்தை ஒருவர் மட்டும், இடப்பக்கத் தூணருகே நின்றபடி, விளக்கில்லாமல், ஷட்டர் சத்தமும் கேட்காதபடி எடுப்பார். அவர் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வம்பு வேண்டாம்.

கைப்பேசி வைத்திருக்கும் பங்கு மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கைப்பேசியின் சிறு விளக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் உதவாது. கடைசி பெஞ்சியிலிருந்து பீடத்தை நோக்கி அதை எரித்தால், முன்னால் இருப்பவரின் பின்மண்டைதான் பிரகாசமாக விழும். எங்கள் படத்திலும் உங்கள் விளக்கு வெள்ளைப் பொட்டாக வந்து உட்காரும். அதை அணைத்துவிட்டு எடுத்தால் உங்கள் படமே நன்றாக வரும். பரீட்சித்துப் பாருங்கள்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை ஆறரை மணிக்கு, படமெடுக்கிறவர்கள் எல்லாரும் கோயிலுக்கு வந்துவிடுங்கள். கோயிற்பிள்ளையிடம் சொல்லி எல்லா விளக்கையும் போடச் சொல்லியிருக்கிறோம். ஒருவர் பீடத்தருகே, ஒருவர் வாசகமேடையில், ஒருவர் நடுவழியில் நிற்க, ஒவ்வொரு இடத்திலும் எடுத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுவோம். படத்தில் ஆளைப் பார்ப்பதற்கு முன் பின்னால் பீடம் தெரிகிறதா என்று பாருங்கள். ஊதா விளக்கு ஏதாவது பீடத்தின் மேல் நேராக விழுந்தால், அப்போதே அலங்காரக் குழுவினரிடம் பணிவாகச் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். மறுநாள் சொன்னால் சண்டையாகும்.

கடைசியாக ஒரு காரியம். நன்றித் திருப்பலி முடிந்து இறுதி ஆசீர் பெற்றவுடன் யாரும் வெளியே ஓடிவிட வேண்டாம். ஆயர் அவர்களும் குருக்களும் பீடத்தின் முன் நிற்பார்கள். நீங்கள் எல்லாரும் உங்கள் பெஞ்சிகளிலேயே, பாடற்குழு மாடியை நோக்கித் திரும்பி நில்லுங்கள். அங்கே ஸ்டாண்டில் காமிரா இருக்கும். பிளாஷ் இல்லை. ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 8, கால் விநாடி. முன்னால் நிற்கும் உங்கள் முகமும், தூண்களும், பீடமும், மேற்கூரையும் ஒரே படத்தில் விழும். குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். உயரமானவர்கள் சற்று ஓரமாக ஒதுங்குங்கள். மின்விசிறிகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறோம். முக்காட்டுத் துணி ஆடாமல் இருக்க வேண்டும். மாடியிலிருந்து நாங்கள் மூன்று எண்ணுவோம். எண்ணி முடியும்வரை அசையாமல் இருங்கள். நாலு தடவை எடுப்போம். நாலு தடவையும் எண்ணுவோம்.